பழைய பிரிட்டிஷ் எம்.ஜி., ட்ரையம்ஃப் கார்களுக்குப் புது ஸ்பேர்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, இங்கிலாந்தின் லெஸ்டரில் 1972 எம்.ஜி.பி. (எம்.ஜி.யின் ஸ்போர்ட்ஸ் கார்) வைத்திருக்கிறேன். சர்வீஸில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துத் தருவது) இருக்கும் ரோட்டர், கண்டென்சர், பாயின்ட் எல்லாம் புதுசு போட்டேன். இப்போது ஓடும்போதே அணைந்துவிடுகிறது. ஆறினால் கிளம்புகிறது.

பதில்: கழற்றிய பழையதைத் தூக்கிப் போடவில்லையே? முதலில் பழைய கண்டென்சரை மாட்டுங்கள். சூட்டில் செத்து, ஆறினால் பிழைப்பது அதன் குணம். புதுக் கண்டென்சர்களில் சில நூறு மைல்கூடத் தாங்காதவை நிறைய.

அதில் சரியாகாவிட்டால் ரோட்டர். மலிவு ரகத்தில் பித்தளைத் தகட்டைப் பிடிக்கும் ரிவெட்டின் கீழ்முனைக்கும் ஷாஃப்டைக் கவ்வும் ஸ்பிரிங்குக்கும் நடுவே பிளாஸ்டிக் மெலிசாக இருக்கும். ஸ்பார்க், பிளக்குக்குப் போகாமல் அந்தப் பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு ஷாஃப்டில் இறங்கிவிடும். சோதிப்பது சுலபம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, காயிலிலிருந்து வரும் ஒயரை ரப்பர் கைப்பிடி போட்ட குறடால் பிடித்து, ரோட்டரின் நடுத்தகட்டுக்கு மேலே நாலைந்து மில்லிமீட்டரில் வைத்து, இன்னொருவரை இன்ஜினைச் சுற்றச் சொல்லுங்கள். பக்கத்தில் பெட்ரோல் கசிவு கூடாது. பளிச் பளிச்சென்று ஸ்பார்க் தாவினால் ரோட்டர் குப்பை. ரிவெட் இல்லாமல் வார்த்த ரோட்டர் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். இனி ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள் தம்பி. மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது திருடன் என்று தெரியாது.

கேள்வி: ஸ்பேர் பெட்டியில் லூக்கஸ் (பழைய பிரிட்டிஷ் கார்களுக்கு மின்பாகங்கள் செய்த கம்பெனி) என்று போட்டிருந்தால் நம்பி வாங்கலாமா?

பதில்: அந்தப் பழைய பர்மிங்ஹாம் கம்பெனி 1996-இல் வேரிட்டி என்ற கம்பெனியோடு இணைந்து, பிறகு கைமாறியும் போயிற்று. இப்போது பெட்டியில் இருப்பது பெயர் மட்டும்தான். உள்ளே நல்லதும் இருக்கும், மோசமும் இருக்கும். எஸ்.யு. கார்புரேட்டர் விஷயம் வேறு. அந்தப் பெயரை வைத்திருக்கும் பர்லன் கம்பெனியே பாகங்களைச் செய்கிறது, அதில் துணிந்து காசு போடலாம்.

கேள்வி: இன்ஜின் பிரித்துப் புதுக் கேம்ஷாஃப்ட்டும் (வால்வுகளை இயக்கும் தண்டு) டேப்பட்டும் (கேம்மேல் உட்கார்ந்து அந்த அசைவை வால்வுக்குக் கடத்துவது) போட்டேன். அதற்குள் டேப்பட் அடி குழிந்துவிட்டது. ஆயில் கோளாறா?

பதில்: ஆயிலும் ஒரு காரணம். துத்தநாகச் சேர்க்கை குறைந்த இன்றைய ஆயில் இந்த இன்ஜினுக்கு ஆகாது. ஆனால் இவ்வளவு சீக்கிரம் குழிந்தால் எனக்கு முதல் சந்தேகம் டேப்பட்டின் கடினத்தன்மைமேல்தான். இன்னொன்றும் பாருங்கள். அடிமுகம் லேசாகக் குவிந்திருக்க வேண்டும். இரண்டு புது டேப்பட்டுகளை முகத்தோடு முகம் வைத்தால் துளி ஆட வேண்டும். தட்டையாக ஒட்டி நின்றால் அது கேம்மேல் சுழலாது, ஒரே இடத்தில் தேயும். அடுத்த முறை கேம்ஷாஃப்ட்டையும் டேப்பட்டையும் ஜோடியாக, ஒரே இடத்தில் வாங்குங்கள். முதல் ஸ்டார்ட்டில் ஐடிலில் விடாமல் 2,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் 20 நிமிடம் ஓட்டுங்கள்.

கேள்வி: சார், சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு (ட்ரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம்) வைத்திருக்கிறேன். இங்கிலாந்திலிருந்து ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காரின் ட்ரனியன் (முன்சக்கர அமைப்பின் கீழ்முனையில் வரும் மரை போட்ட பாகம்) வரவழைத்தேன், ஆடுகிறது.

பதில்: ஹெரால்டு சேஸியைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயர் செய்தார்கள், அதனால் முன்பக்க அமைப்பு ஒன்றுதான். இடது, வலது மரை வேறு என்பது நினைவிருக்கட்டும். புது ட்ரனியனைக் குறை சொல்லுமுன் தேயாத ஒரு வெர்ட்டிகல் லிங்க்கில் (ட்ரனியன் திருகி ஏறும் செங்குத்துப் பாகம்) கையால் ஏற்றிப் பாருங்கள். அதில் ஆடாவிட்டால் தேய்ந்தது உங்கள் லிங்க்தான். அதிலும் ஆடினால் திருப்பி அனுப்புங்கள். மறக்காமல் ஈ.பி. 90 கியர் ஆயில் விடுங்கள். கிரீஸ் அடித்து அடித்தே பல கார்களின் லிங்க் துருப்பிடித்து உடைந்திருக்கிறது. அப்படி உடைந்தால் சக்கரம் மடங்கிவிடும்.

கேள்வி: பெட்ரோல் ஹோஸ் இரண்டே வருடத்தில் வெடித்துவிட்டது.

பதில்: பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதா பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதம் வரை. அது பழைய ரக ரப்பரைக் கெடுக்கும். ஜே30 ஆர்9 (எத்தனால் தாங்கும் ஹோஸின் தரக்குறி) என்று அச்சடித்த ஹோஸ் வாங்குங்கள். அச்சு இருந்தும் போலி வருகிறது, அதனால் தெரிந்த கடையில் மட்டும். வருடம் ஒருமுறை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் யோசிக்காதீர்கள், நெருப்பு விஷயம்.

கேள்வி: எம்.ஜி.பி. முன் விங் (மட்கார்டு), பாதி விலையில் ஒன்று கிடைக்கிறது. எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற கம்பெனி பழைய தொழிற்சாலை அச்சுகளிலேயே அடிக்கிறது, அது கிட்டத்தட்ட உட்காரும். மலிவு விங்கில் மிச்சம் பிடித்த காசு பாடி ஷாப்பில் கூலியாகப் போகும். எதை வாங்கினாலும் பெயின்டுக்கு முன் கதவும் பானெட்டும் மாட்டி இடைவெளி பாருங்கள். பெயின்ட் அடித்ததை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது.