மேல் படுக்கை யாருக்கு?

கேள்வி: மியூனிக்கில் முதுகலை படிக்கிறேன். செப்டம்பரில் அப்பா என்னைப் பார்க்க வருகிறார். அம்மாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நானும் அப்பாவும் முதுகுப்பையோடு ரோமுக்குப் போய் நான்கு இரவு தங்க நினைக்கிறோம். டெர்மினி ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு ஹாஸ்டலில் பத்துப் பேர் தங்கும் அறை மலிவாகக் கிடைக்கிறது. நான்காவது மாடி, லிப்ட் இல்லை, மேல் படுக்கைகள்தான் மிச்சம். டிராஸ்டெவெரே பகுதியில் ஆறு பேர் அறை, கொஞ்சம் விலை அதிகம். அப்பாவுக்கு 64 வயது, எங்கே படுக்கச் சொன்னாலும் அனுசரித்துக்கொள்வார். எதைத் தேர்ந்தெடுக்கலாம்? பொருள்களின் பாதுகாப்பு பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, ‘எங்கே படுக்கச் சொன்னாலும் அனுசரித்துக்கொள்வார்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அப்பாவிடம் கேட்டு எழுதினீர்களா? கேட்டிருந்தால் ‘அப்பா சரி என்றார்’ என்று எழுதியிருப்பீர்கள். நீங்களாகவே முடிவு செய்திருக்கிறீர்கள். எனக்கு வரும் கடிதங்களில் இந்த வரி ஏதாவது ஒரு வடிவத்தில் அடிக்கடி வருகிறது. அம்மாவுக்கு எதுவும் வேண்டாம், அப்பாவுக்கு எதுவானாலும் போதும். பிள்ளைகள் பெருமையாகத்தான் எழுதுகிறார்கள். படிக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

அவர் அனுசரித்துக்கொள்வார் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள். மேல் படுக்கைக்கு இரும்பு ஏணி. மெல்லிய கம்பிப் படிகள் வெறுங்காலை அறுக்கும். இரவு இரண்டு மணிக்குக் கழிப்பறைக்கு எழ வேண்டும். அந்த வயதில் பலருக்கும் அது உண்டு. விளக்கைப் போட்டால் மற்றவர்கள் விழித்துக்கொள்வார்களே என்று கூசி, இருட்டிலேயே காலால் படியைத் தடவித் தடவி இறங்குவார். மறுநாள் மாலை ஆறு மணிக்கே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். பகலெல்லாம் வெயிலில் கொலோசியத்தையும் ரோமன் ஃபோரத்தையும் நடந்தே பார்த்துவிட்டு வந்தவர், நாக்கு வறண்டு படுத்திருப்பார். காலையில் நீங்கள் கேட்டால் ‘நன்றாகத் தூங்கினேன்’ என்பார். நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

ஹாஸ்டல் என்ற ஏற்பாடே இளம்வயதினருக்காக வந்தது. ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மன் பள்ளி ஆசிரியர், ஊர் ஊராக நடந்து போகும் மாணவர்கள் இரவில் தங்குவதற்காக 1912இல் அல்டெனா கோட்டையில் தொடங்கியது அது. இன்றும் சில ஹாஸ்டல்கள் பொது அறைகளுக்கு வயது வரம்பு வைத்திருக்கின்றன. நீங்கள் பார்த்த இரண்டு இடங்களின் விதிகளையும் படித்தீர்களா? வரவேற்பு மேசையில் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு அப்பாவுக்கு மட்டும் இடமில்லை என்று சொன்னால், அந்த மனிதர் உங்கள் முன்னால் எப்படி நிற்பார்?

இரண்டுமே வேண்டாம். டிராஸ்டெவெரே அழகான பகுதிதான். ஆனால் அங்கே மெட்ரோ கிடையாது, கருங்கல் பதித்த சந்துகளில் சுமையோடு நடக்க வேண்டும், இரவு வெகுநேரம் வரை தெருவில் கூட்டமும் சத்தமும் இருக்கும். டெர்மினி பக்கம் நல்லது. மெட்ரோவின் ஏ, பி வழித்தடங்கள் இரண்டும் அங்கேதான் சந்திக்கின்றன. ஃபியுமிசினோ விமான நிலையத்திலிருந்து நேரடி ரயில் 32 நிமிடத்தில் வந்துவிடுகிறது. அந்தப் பகுதியிலேயே இருவர் அறையாகத் தேடுங்கள். ஹாஸ்டல்கள் பலவற்றில் தனி அறைகளும் உண்டு. குளியலறை வெளியே இருந்தால் வாடகை குறையும். லிப்ட் இருக்கிறது என்று போட்டிருந்தாலும் தரைத்தளத்திலிருந்தே இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். பழைய கட்டடங்கள் சிலவற்றில் பத்துப் பதினைந்து படி ஏறிய பிறகுதான் லிப்ட் வரும்.

ரோமில் இன்னொரு வழியும் இருக்கிறது. கத்தோலிக்கத் துறவு மடங்கள் நடத்தும் விருந்தினர் இல்லங்கள் அந்த நகரத்தில் நிறைய உண்டு. எளிய, சுத்தமான, சத்தமில்லாத அறைகள். பெரும்பாலும் எந்த மதத்தவரும் தங்கலாம். பல இல்லங்களில் இரவு குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் வாசலைப் பூட்டிவிடுவார்கள். அது உங்களுக்குச் சிரமமாக இருக்கும். இந்தப் பயணத்தில் அனுசரிக்க வேண்டியவர் நீங்கள்.

பணம் போதவில்லை என்றால் நான்கு இரவை மூன்றாக்குங்கள். செயின்ட் பீட்டர்ஸ் பேராலயத்துக்குள் செல்லக் கட்டணம் இல்லை. தெருவோரக் குழாய்களில் நாள் முழுதும் ஓடும் தண்ணீர் குடிக்கத் தகுந்தது, பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். அறை வாடகையோடு ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று நகராட்சி வரி ஒன்றும் உண்டு. முன்பதிவுத் தொகையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

பாதுகாப்பு கேட்டீர்கள். லாக்கருக்குச் சொந்தப் பூட்டு, பாஸ்போர்ட்டும் பணமும் உடம்போடு, டெர்மினியிலும் மெட்ரோவிலும் பிக்பாக்கெட் பற்றிய கவனம். அவ்வளவுதான்.

அறை போடுவதற்கு முன் இன்றே அப்பாவைத் தொலைபேசியில் அழையுங்கள். முழங்கால் எப்படி இருக்கிறது, நான்கு மாடி ஏற முடியுமா, இரவில் எத்தனை முறை எழுகிறார் என்று கேளுங்கள். ‘அதெல்லாம் ஒன்றுமில்லை’ என்று சொன்னால், போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி அவரிடம் கேளுங்கள்.