கரியமில வாயு எங்கிருந்து வருகிறது? – கேள்வி பதில்

கேள்வி: கரியமில வாயு என்பது என்ன?

பதில்: ஒரு கார்பன் அணுவும் இரண்டு ஆக்சிஜன் அணுக்களும் சேர்ந்த, நிறமற்ற வாயு. தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் குழாய் வழியாக மூச்சை ஊதினால் நீர் பால்போல் கலங்கும்; விடாமல் ஊதினால் அந்தக் கலங்கல் கரைந்து மீண்டும் தெளியும். இது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது என்பதால் பள்ளங்களில் தேங்கும், இதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: நாம் விடும் மூச்சும் காற்றில் இதைக் கூட்டுகிறதா?

பதில்: இல்லை. மூச்சில் வெளியேறும் கார்பன் உணவிலிருந்து வந்தது. பயிர்கள் அதை அண்மையில்தான் காற்றிலிருந்து எடுத்தன.

கேள்வி: எரிமலைகள்தாம் முதன்மைக் காரணம் என்கிறார் என் நண்பர்.

பதில்: நிலக்கரி, பெட்ரோலியம் போன்ற புதைபடிவ எரிபொருள்களை எரிப்பதால் ஆண்டுக்கு 3,500 கோடி டன்னுக்கு மேல் வெளியேறுகிறது; எரிமலைகள் தருவது அதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். 1958இல் அமெரிக்க அறிவியலர் சார்லஸ் கீலிங் ஹவாயின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 315 பங்காக இருந்த இந்த வாயு, இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

கேள்வி: நான்தான் அந்த நண்பர். இவை வெறும் மதிப்பீடுகள். காற்றிலுள்ள கார்பன் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சான்று உண்டா?

பதில்: உண்டு; நல்ல கேள்வி. கார்பனின் கதிரியக்க வகையான கார்பன்-14 சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறைவதால், கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த நிலக்கரியில் அது மிஞ்சுவதில்லை. எரிமலை வாயுவிலும் அது இராது என்று நீங்கள் மறுக்கலாம், அது சரியே. ஆகவே கார்பனின் சற்றுக் கனமான வகையான கார்பன்-13ஐப் பார்க்க வேண்டும். தாவரங்கள் எடை குறைந்த கார்பன்-12ஐயே கூடுதலாக ஏற்பதால், அவற்றிலிருந்து உருவான நிலக்கரியில் கார்பன்-13 குறைவு. எரிமலை வாயுவிலோ அதன் விகிதம் காற்றில் இருப்பதைவிடச் சற்று அதிகம். காற்றில் அந்த விகிதம் ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. கூடவே ஆக்சிஜனும் குறைகிறது; எரிதல் ஆக்சிஜனைச் செலவழிக்கும், எரிமலை உமிழ்வு அப்படிச் செலவழிப்பதில்லை. கடல் வெளியிட்டது என்றும் சொல்ல முடியாது. அங்கேயும் கார்பன் கூடிக்கொண்டுதான் இருக்கிறது.

கேள்வி: மக்கள்தொகை பெருகினால் மூச்சினால் கூடாதா?

பதில்: இரண்டாம் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: சிமெண்டு?

பதில்: சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே வாயு பிரிகிறது, எரிபொருளின் புகை தனிக் கணக்கு.

கேள்வி: மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டினால் இதுதான் கொல்கிறதா?

பதில்: பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடு, அது வேறு வாயு. அப்படி மூட்டவே கூடாது.

கேள்வி: பாழ்கிணற்றில் இறங்கலாமா?

பதில்: கூடாது. 1986 ஆகஸ்ட் 21 அன்று கேமரூனின் நியோஸ் ஏரியிலிருந்து வெளியேறிய இந்த வாயு பள்ளத்தாக்குகளில் பரவி ஏறத்தாழ 1,700 பேரைக் கொன்றது. கிணற்றுக்குள் ஒருவர் மயங்கினால், மூச்சுக் கருவியுடன் தீயணைப்பு வீரர்கள் வரும்வரை வேறு யாரும் இறங்காதீர்கள்.