லண்டன் குளிரில் பாம்புக்குச் சூடு: வியாசர்பாடித் தம்பிக்கு

தம்பி, நீ நாலு கேள்வி கேட்டிருக்கிறாய். செப்டம்பரில் படிக்க லண்டன் வருகிறாய். ரூம் வாடகை எவ்வளவு, பார்ட் டைம் வேலை கிடைக்குமா, ஸ்வெட்டர் எங்கே வாங்குவது. கடைசியில் ஒரு வரி: "வீட்ல அம்மா விடமாட்டாங்கண்ணா, அங்க வந்து ஒரு கார்ன் ஸ்நேக் வளக்கணும்னு ஆசை, அந்தக் குளிர்ல எப்படி சூடு வைக்கறது?"

முதல் மூன்றுக்கும் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கல்லூரி நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யாதே. ஸ்வெட்டரை லண்டனிலேயே வாங்கு. அவ்வளவுதான். கார்ன் ஸ்நேக் என்பது வீட்டில் வளர்க்கிற, விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு. அதைப் பற்றி நான் சொல்கிறேன்.

நான் சென்னைக் காசிமேட்டுக்காரன். 2009 ஜனவரியில் கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமில் வந்து இறங்கினேன். ஒரே வீட்டில் ஏழு பேர். வீட்டுக்காரர் ஹீட்டிங் பொத்தானுக்கு மேல் ஒரு பெட்டி மாட்டிப் பூட்டி வைத்திருந்தார். காலையில் ஒரு மணி நேரம், ராத்திரி இரண்டு மணி நேரம், அதற்குமேல் கிடையாது. பிப்ரவரி 2ஆம் தேதி கொட்டிய பனியில் லண்டன் முழுக்க பஸ் நின்றுபோனது. மார்கழியிலேயே 20 டிகிரிக்குக் கீழே அதிகம் பார்க்காத உடம்பு இது. கொண்டுவந்த சட்டை எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நமக்காவது உடம்புக்குள் அடுப்பு எரிகிறது. பாம்புக்கு அது கிடையாது. வெளியிலிருந்து சூடு வந்தால்தான் தின்ற எலி அதற்குச் செரிக்கும். சூடு போதாவிட்டால் எலி வயிற்றிலேயே அழுகும், நாலு நாளில் கக்கிவிடும். குளிரிலேயே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கும்.

அதற்காக பாம்பு இருக்கும் பெட்டி முழுக்கச் சூடாக்கிவிடாதே. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. பாம்பு தனக்கு வேண்டிய சூட்டைத் தானே தேடி நகரும். கார்ன் ஸ்நேக்குக்கு ஒரு முனையில் 30 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும், மறுமுனையில் 22 முதல் 24. பால் பைத்தான் (ஆப்பிரிக்காவின் சின்ன மலைப்பாம்பு) என்றால் இரண்டு முனையிலும் இரண்டு மூன்று டிகிரி கூட. நம் ஊரில் 2003 மே மாதம் 45 டிகிரி அடித்ததே, அந்த மாதிரிச் சூட்டில் தப்பிக்க இடமில்லாமல் பெட்டிக்குள் மாட்டிய பாம்பு பிழைக்காது. ஒளிந்துகொள்ள இரண்டு முனையிலும் மறைவு வை. சூடான பக்கம் மட்டும் மறைவு இருந்தால், பயத்தில் அங்கேயே சுருண்டு கிடக்கும், வெந்தாலும் வெளியே வராது.

ஹீட் மேட் என்கிற, கரண்டில் சூடாகும் விரிப்பை வாங்கிப் பெட்டிக்கு அடியில் ஒட்டினால் வேலை முடிந்தது என்று இங்கே நம் ஆட்களே சொல்வார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதே. தெர்மோஸ்டாட் (சூடு ஏறினால் கரண்டைத் தானே நிறுத்தும் கருவி) இல்லாத மேட் சூடாகிக்கொண்டே இருக்கும். சூடு ஏறியது தெரியாமல் அதன்மேலேயே படுத்திருந்து வயிற்றுத்தோல் வெந்துபோன பாம்பை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சூடாகும் கல் என்று விற்பார்கள், அதைத் தொடாதே. முதலில் தெர்மோஸ்டாட், பாம்பு அப்புறம். மேல்பக்கம் விளக்கோ, வெளிச்சமில்லாமல் சூடு தரும் செராமிக் ஹீட்டரோ மாட்டினால் சுற்றிக் கம்பிவலை கட்டாயம். வலை இல்லாவிட்டால் பாம்பு அந்த விளக்கிலும் போய்ச் சுற்றிக்கொள்ளும்.

எங்கே அளக்கிறாய் என்பது முக்கியம். சுவரில் ஒட்டிய தெர்மாமீட்டர் சுவரின் சூட்டைத்தான் சொல்லும். அப்பா காசிமேட்டில் ஐஸ் உடைத்தவர். படகு கடலுக்குக் கிளம்பும்முன் ஐஸ் ஏற்றுவார்கள். திரும்பி வந்து மீன் பெட்டியைத் திறந்தால் மேலே வெள்ளையாக ஐஸ் குவிந்திருக்கும். அப்பா அதைப் பார்க்கவே மாட்டார், முழங்கை வரை கையை உள்ளே விடுவார். "மீனு எங்க கெடக்குதோ அங்க தொட்டுப் பாருடா" என்பார். தெர்மோஸ்டாட்டின் சூட்டை அளக்கும் ஒயர் நுனியையும் பாம்பு படுக்கும் இடத்தில் வை, அது இழுத்துப் போடாதபடி ஒட்டிவிடு.

2012 குளிர்காலத்தில் இதெல்லாம் தெரிந்துதான் முதல் பாம்பு வாங்கினேன். அந்த வீட்டில் கரண்டுக்கு முன்பணம் கட்டும் மீட்டர். ஒரு நாள் நைட் ஷிப்டில் இருந்தபோது பணம் தீர்ந்துபோனது. பணம் போடவேண்டியது அறைத்தோழரின் முறை, அவர் தூங்கிவிட்டார். காலையில் வந்து பார்க்கிறேன், பெட்டிக்குள் 14 டிகிரி. முந்தின நாள்தான் எலி தின்றிருந்தது. வெந்நீர் பையைத் துணியில் சுற்றி உள்ளே ஒரு ஓரமாக வைத்து, பெட்டி முழுக்கக் கம்பளியால் மூடினேன். மூன்றாம் நாள் எலியைக் கக்கியது. இரண்டு வாரம் எதுவும் கொடுக்கவில்லை, பிழைத்துக்கொண்டது. இன்றைக்கும் என் வீட்டில்தான் இருக்கிறது, நானே மரத்தில் அடித்த நாலடிப் பெட்டியில்.

ஆசைக்கு வாங்கி, நண்பர்களிடம் காட்டி, கரண்ட் பில் வந்ததும் விட்டுவிட்டுப் போகிறவர்களை இங்கே நிறையப் பார்த்துவிட்டேன். நம்மவர்களும் அதில் உண்டு. எனக்கு அவர்கள்மேல் கோபம்தான். தெருவில் வந்த பாம்பைக்கூட எங்கள் ஆயா சாகவிட்டதில்லை. கொருக்குப்பேட்டையில் மழை பெய்தால் கால்வாயிலிருந்து தண்ணிப்பாம்பு தெருவுக்கு வரும். அடிக்கக் கட்டையோடு ஓடுகிறவர்களை எங்கள் ஆயா தடுத்து, முறத்தால் தள்ளித் தண்ணீரிலேயே விடுவார்.

சென்னையிலிருந்து பாம்பு எதுவும் கொண்டுவராதே. நம் நாட்டுப் பாம்புகளில் பலவற்றை வீட்டில் வைப்பதே 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஹாஸ்டலில் பெரும்பாலும் விடமாட்டார்கள். தனி ரூம் என்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கு. ஃப்ரீசரில் செத்த எலி வைக்கவேண்டி வரும், கூட இருப்பவர்களிடமும் முதலிலேயே சொல்லிவிடு.

வந்ததும் வாங்காதே. ஜனவரியில் காலிப்பெட்டியை ஒரு வாரம் ஓடவிட்டு, காலையும் ராத்திரியும் இரண்டு முனையின் சூட்டையும் நோட்டில் எழுது. அதை எனக்கு அனுப்பு. என்னிடம் வேலை செய்கிற தெர்மோஸ்டாட் ஒன்று சும்மா கிடக்கிறது, ஈஸ்ட் ஹாமுக்கு வந்து வாங்கிக்கொள்.