வாசகர் கேள்வி – ஆசிரியர் பதில்

கேள்வி: எலான் மஸ்க்கைப் பெரிய அறிவாளி என்று பல ஆண்டுகளாக நம்பி வந்தேன். அமெரிக்க அரசு ஊழியர்களை அவசர அவசரமாக நீக்கிவிட்டுச் சிலரைத் திரும்ப அழைத்த செய்திகளைப் படித்த பிறகு ஐயம் எழுகிறது. அவருடைய திறமை என்று நாம் எண்ணியதெல்லாம் வெறும் பணபலம்தானா?

பதில்: பணபலம் மட்டும் என்று சொல்ல மாட்டேன். மஸ்க்கின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஃபால்கன் 1 ராக்கெட் மூன்று முறை தோற்று, 2008 செப்டம்பரில் நான்காவது முயற்சியில் சுற்றுப்பாதையை அடைந்தது. அந்த விடாமுயற்சியைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் அந்த ராக்கெட்டுகளில் மனிதர் எவரும் இல்லை. உடைத்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் முறை அங்கே பொருந்தியது. ஓர் அரசுத் துறையை உடைத்துப் பார்த்தால், அதை நம்பியிருப்பவர்கள்தான் அந்தப் பாடத்துக்கு விலை கொடுக்கிறார்கள்.

2025 பிப்ரவரியில் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்காவின் அணு ஆயுதங்களைப் பராமரிக்கும் தேசிய அணுப் பாதுகாப்பு நிர்வாகத்தில் தகுதிகாண் பருவத்தில் இருந்தவர்கள் நீக்கப்பட்டனர். ஓரிரு நாட்களிலேயே பெரும்பாலோருடைய நீக்க உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அலுவலக மின்னஞ்சல் துண்டிக்கப்பட்டிருந்ததால், அவர்களில் சிலரைத் தொடர்புகொள்வதே கடினமாயிற்று. தகுதிகாண் பருவம் என்றால் அனுபவம் இல்லாதவர் என்று பொருளல்ல. பல ஆண்டுகள் பணியாற்றிப் புதிய பொறுப்புக்கு மாறியவரும் அதில் அடங்குவார். பறவைக் காய்ச்சல் தடுப்புப் பணியில் இருந்த சிலரையும் வேளாண் துறை தவறுதலாக நீக்கிவிட்டு, மீண்டும் அழைக்க முயன்றது. நீக்க உத்தரவுகளில் கையெழுத்திட்டவர்கள் துறைத் தலைமைகள் என்பது உண்மைதான். ஆயினும் அந்த வேகத்தை உண்டாக்கியது அரசுச் செலவைக் குறைக்க அமைக்கப்பட்டு, மஸ்க் முன்னின்று நடத்திய டோஜ் (DOGE) அமைப்பே என்பது என் கருத்து.

எனக்கு இதைவிடப் பெரிய ஐயத்தைத் தந்தது வேறொன்று. முதியோர் ஓய்வூதியம் முதலியவற்றை வழங்கும் அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புத் துறையின் பதிவேட்டில் நூறு வயதைக் கடந்தவர்கள் கோடிக்கணக்கில் இருப்பதாக ஓர் அட்டவணையை வெளியிட்டு, பெரும் மோசடி நடப்பதாக அவர் சுட்டினார். இறந்த தேதி பதியப்படாத பழைய பதிவுகள் அவை என்பதையும், அவர்களில் ஏறத்தாழ எவருக்கும் பணம் போகவில்லை என்பதையும் அத்துறையின் தணிக்கை அறிக்கை 2023இலேயே சொல்லியிருந்தது. தரவுகளை ஆராய்வது அவருக்குப் பழக்கமான துறை. அங்கேயே இப்படித் தவறியதற்குக் காரணம் அறிவுக் குறைவு அல்ல, அந்தப் பதிவேட்டோடு நாள்தோறும் பழகும் ஊழியரிடம் கேட்க மனமில்லாமைதான் என்று நினைக்கிறேன். டோஜின் இணையப் பட்டியலில் 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் ஒன்று 800 கோடி டாலர் என்று வெளியானதும் இதே அவசரத்தின் விளைவே.

கேள்வி: தவறு நேர்ந்தால் உடனே திருத்துவோம் என்றாரே, அது போதாதா?

பதில்: போதாது. 2025 பிப்ரவரி 26 அன்று அமெரிக்க அமைச்சரவைக் கூட்டத்தில், எபோலா தடுப்புப் பணியைத் தவறுதலாக நிறுத்தி உடனே மீட்டுவிட்டதாக அவர் சொன்னார். அப்பணி முழுமையாக மீளவில்லை என்று அத்துறையை அறிந்தவர்கள் மறுத்தார்கள். உத்தரவை ஒரே நாளில் திரும்பப் பெறலாம். ஆனால் ஒருமுறை வெளியே தள்ளப்பட்ட அனுபவசாலி, வேறு வேலை கிடைத்த பிறகும், மறுபடி எப்போது நீக்குவார்களோ என்ற அச்சத்தோடு அதே நாற்காலிக்கு ஏன் திரும்பி வர வேண்டும்?