கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள்: விமானப் பயணக் கேள்வி-பதில்

சென்னையிலிருந்து லண்டன் போக ஏறத்தாழ பதினொரு மணி நேரம், திரும்பி வரப் பத்து மணி நேரம் என்கிறாள் மகள். ஒரே தூரம்தானே?
- வாசகி, ஆத்தூர்

தூரம் ஒன்றுதான் அம்மா, சுமார் 8,200 கி.மீ. காற்றுதான் வேறு. தரைக்கு மேலே பத்து கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்று ஆறு மாதிரி ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். மணிக்கு 150 கி.மீ. வேகமெல்லாம் அங்கே சாதாரணம், குளிர்காலத்தில் இன்னும் கூடும். ஒகேனக்கலில் பரிசல் ஏறியிருந்தால் உங்களுக்கே புரியும்: தண்ணீரோடு போவது சுலபம், எதிர்த்துத் துடுப்புப் போட்டால் நேரம் பிடிக்கும். மகள் திரும்பி வரும்போது காற்று அவள் பக்கம்.

பெங்களூரு - சான் பிரான்சிஸ்கோ விமானம் ஏன் வடக்கே வளைந்து போகிறது? நேராகப் போனால் சீக்கிரம் சேராதா?
- காப்பித் தோட்டக்காரர், ஏற்காடு

அந்த வளைவுதான் நேர்வழி! வீட்டில் பேரப்பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் எடுங்கள். பூ கட்டுகிற நூலின் ஒரு முனையை பெங்களூரு மேலும் மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோ மேலும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் பசிபிக் பக்கமே நிற்காது; வழுக்கிக்கொண்டு மேலே ஏறி, சீனா, சைபீரியா, அலாஸ்கா வழியாகப் படியும். அதுதான் மிகக் குறுகிய பாதை, சுமார் 14,000 கி.மீ. உருண்டையைத் தட்டையான படமாக விரிக்கும்போது வடக்குப் பகுதி இழுபட்டுப் பெரிதாகிவிடுவதால் நம் கண்ணுக்கு அது சுற்றுவழியாகத் தெரிகிறது.

2021 ஜனவரியில் ஏர் இந்தியா கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்துக்கு மேலே பறந்து பெங்களூருவில் இறங்கினார்கள். சுமார் 17 மணி நேரம். நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

ஆனால் எல்லா விமானமும் நூல் காட்டிய வழியில் போக முடியாது. 2022-ல் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு, ஒன்பது மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி - டோக்கியோ பயணம் பதின்மூன்று மணி நேரத்துக்கு நீண்டுவிட்டது.

சேலம் - சென்னை 265 கி.மீ.தானே, டிக்கெட்டில் ஏன் ஒரு மணி நேரம்?
- வாசகர், ஓமலூர்

காமலாபுரத்திலிருந்து (நம் சேலம் விமான நிலையம்) கிளம்புவது ஏடிஆர் என்கிற சின்ன விசிறி விமானம், மணிக்கு 500 கி.மீ. வேகம். பறப்பது அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, சென்னையில் இறங்க முறை வரும்வரை காத்திருப்பது எல்லாம் சேர்த்துத்தான் டிக்கெட்டில் போடுவார்கள்.

கோவையிலிருந்து இரவு 10 மணிக்கு ஏறினால் சிங்கப்பூரில் விடிகாலை 4:45 என்கிறார்கள். ஏழு மணி நேரமா ஆகும்?
- வாசகர், அம்மாப்பேட்டை

இல்லை, நாலேகால் மணி நேரம்தான். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது.

வெளிநாடு போக சேலத்துக்காரர்களுக்கு எந்த விமான நிலையம் நல்லது?
- வாசகி, அஸ்தம்பட்டி

நேரடி விமானம் கோவையில் இருந்தால் கோவைதான், சுமார் 160 கி.மீ. பெங்களூரு விமான நிலையம் ஊரின் வடகோடியில் இருக்கிறது. தொப்பூர் கணவாய், ஓசூர் தாண்டி, நகரத்தையும் முழுசாகக் கடக்க வேண்டும். என் அக்கா சில்க் போர்டு சந்திப்பில் ஒன்றரை மணி நேரம் மாட்டிக்கொண்டு, போய்ச் சேர்ந்தபோது கவுன்ட்டரை மூடியிருந்தார்கள். பொதுவாக வெளிநாட்டு விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே மூடிவிடுவார்கள். அதனால் பெங்களூருதான் என்றால் எட்டு மணி நேரம் முன்னதாகவே சேலத்தை விட்டுக் கிளம்புங்கள்.