சர்க்கரை தாழ்ந்தால் மரச்சீனி போதுமா?

கேள்வி: சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சாப்பிடும் என் மாமியாருக்குச் சில நாள் மாலையில் வியர்த்துக் கை நடுங்குகிறது. அவித்த மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) கொடுத்தால் போதுமா? (வாசகி, தக்கலை)

பதில்: போதாது, மரச்சீனியின் மாவுச்சத்து செரித்து இரத்தத்தில் சேர நேரமாகும். குளுக்கோமீட்டரில் சர்க்கரை அளவு 70-க்குக் (மி.கி./டெ.லி.) கீழே இருந்தால், அவர் விழுங்கும் நிலையில் இருக்கும்போதே 15 கிராம் சீனியை, அதாவது மூன்று தேக்கரண்டியை, தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். ஏறாவிட்டால் அதே அளவை மறுபடி கொடுங்கள். மரச்சீனி அதற்குப் பிறகுதான். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். சர்க்கரை இப்படித் தாழப் பெரும்பாலும் காரணம், உணவு தவறினாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடுதான். மதியச் சோற்றைக் குறைக்கிறாரா என்று (முதியவர்கள் இதை வீட்டில் சொல்லமாட்டார்கள்) கவனித்து, அளவுகளைத் தேதியுடன் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரகம் தளர்ந்தாலும் இம்மருந்தின் விளைவு நீடிக்குமென்பதால், அந்தச் சோதனையையும் கேளுங்கள்.