எட்டு எண்ணும்வரை மூச்சு வரவில்லை

கேள்வி: எங்கள் மகளுக்கு இன்று பத்தொன்பது நாள். நிறைமாதம், சுகப்பிரசவம், பிறந்தபோது எடை 2.9 கிலோ. பால் நன்றாகக் குடிக்கிறாள். இரவில் தூங்கும்போது வேகவேகமாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பவள் திடீரென்று நிறுத்திவிடுகிறாள். ஒருமுறை எட்டு எண்ணும்வரை மூச்சு வரவில்லை. அன்றிலிருந்து அவள் வயிற்றில் கையை வைத்தபடி விடியும்வரை உட்கார்ந்திருக்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார், மூச்சைக் கண்காணிக்கும் மானிட்டர் ஒன்றை அனுப்புகிறேன் என்கிறார். காலுறைபோல் காலில் மாட்டுவதாம். கணவருக்கும் வாங்கலாம் என்றே எண்ணம். மாமியாரோ, தூங்குகிற பிள்ளையை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண்பட்டுவிடும் என்று என்னைத் திட்டுகிறார். நான் என்ன செய்வது?

– வாசகி, திண்டுக்கல்

பதில்: எட்டுதானே எண்ணினீர்கள்? அதுவும் பயத்தில் எண்ணிய எட்டு. கடிகாரத்தை வைத்துப் பார்த்திருந்தால் ஐந்தோ ஆறோ விநாடிதான் ஆகியிருக்கும். பிறந்த குழந்தைகள் இப்படித்தான் மூச்சு விடுவார்கள். கடகடவென்று சில மூச்சு, பிறகு ஐந்து முதல் பத்து விநாடி வரை ஒரு நிறுத்தம், மறுபடி ஓட்டம். மூச்சை நடத்துகிற மூளைப் பகுதி இன்னும் பக்குவப்படவில்லை. சில மாதங்களில் தானாகச் சீராகிவிடும். நிறுத்தம் இருபது விநாடியைத் தொட்டால் கதை வேறு. அதற்குக் குறைவாக இருந்தாலும், உதடும் நாக்கும் நீலம் பாரித்தாலோ, முகம் வெளுத்தாலோ, குழந்தை துவண்டுபோனாலோ உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. ஆகவே உங்கள் மகளுக்கு அந்த மானிட்டர் தேவையில்லை என்பதுதான் என் கருத்து. வெறுமனே வேண்டாம் என்றால் நாத்தனாரிடம் சொல்லச் சங்கடமாக இருக்கும். காரணங்களையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் மானிட்டர் வைக்கும் பழக்கம் அமெரிக்காவில் பரவியதற்கு 1972-இல் வெளிவந்த ஒரு மருத்துவக் கட்டுரை முக்கியக் காரணம். ஆல்ஃபிரட் ஸ்டைன்ஷ்னைடர் என்ற மருத்துவர் எழுதியது. தூக்கத்தில் மூச்சு நீண்ட நேரம் நின்றுபோவதை, நலமாக இருந்த குழந்தை காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே இறந்துபோகும் திடீர் சிசு மரணத்தோடு அவர் தொடர்புபடுத்தினார். ஒரே வீட்டில் அடுத்தடுத்து இறந்த குழந்தைகள்தாம் அவர் காட்டிய பெரிய சான்று. அதை நம்பி ஆயிரக்கணக்கான வீடுகளில் தொட்டிலுக்குப் பக்கத்தில் அலாரப் பெட்டிகள் அலறத் தொடங்கின. அந்த வீட்டில் இறந்த ஐந்து குழந்தைகளையும் கொன்றவர் பெற்ற தாயே என்று 1995-இல் நியூயார்க் மாநிலத்தில் தீர்ப்பானது. பிள்ளை பெற்ற வீட்டில் சொல்லத் தகாத கதைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் வீட்டுக்கு வரவிருக்கும் பொருளின் பூர்வீகம் இது.

பிறகு ஒழுங்காக ஆராய்ந்தும் பார்த்தார்கள். 1,079 குழந்தைகளை வீட்டிலேயே வைத்து, மொத்தம் ஏழு லட்சம் மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்த ஆய்வு 2001-இல் வெளியானது. அவர்களில் 41 சதவீதம் பேருக்கு, அலாரம் அடிக்கும் அளவுக்கு மூச்சோ இதயத் துடிப்போ ஒருமுறையாவது தடுமாறியிருந்தது. நிறைமாதத்தில் நலமாகப் பிறந்த குழந்தைகளும் இதற்கு விலக்கில்லை. திடீர் மரணத்தைத் தடுப்பதற்கென்று வீட்டில் மானிட்டர் வைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் 2022 வழிகாட்டுதலிலும் சொல்லியிருக்கிறது. அந்த நாட்டில் இத்தகைய மரணங்களைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்ததில் பெரும் பங்கு ஒரு சாதாரணப் பழக்கத்துக்கு உண்டு: குழந்தையை மல்லாத்திப் படுக்கவைப்பது. 1994-இல் அதற்கென்றே நாடு தழுவிய பிரசாரம் நடத்தினார்கள்.

இனி, அந்தக் காலுறை. இந்த வகையில் ஒன்றுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023-இல் அனுமதி கொடுத்தது உண்மை. ஒரு மாதம் முதல் பதினெட்டு மாதம் வரையிலான, நலமாக இருக்கும் குழந்தைகளுக்கான அனுமதி அது. உங்கள் மகளுக்குப் பத்தொன்பது நாள்தான் ஆகிறது! கடையில் விற்கும் எல்லாக் கருவியும் ஒரே தரமும் இல்லை. பிலடெல்பியாவில் மருத்துவர்கள் இப்படிப்பட்ட இரண்டு கருவிகளை மருத்துவமனைக் கருவியோடு ஒப்பிட்டு 2018-இல் எழுதினார்கள். ஒன்று, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததை ஒருமுறைகூடக் கண்டுபிடிக்கவில்லை. மற்றது சில சமயம் கண்டது, சில சமயம் தவறவிட்டது.

மெத்தைக்கு அடியில் வைக்கும் வகை ஒன்றும் உண்டு. அதற்குத் தெரிந்தது அசைவு மட்டுமே. தனிக் கட்டிலில் தனியாகப் படுக்கும் குழந்தைக்காகச் செய்தது அது. நம் வீடுகளில் குழந்தை அம்மாவின் பக்கத்தில் படுத்திருக்கும். நீங்கள் புரண்டால் அதையும் குழந்தையின் அசைவாக எடுத்துக்கொள்ளும். ஏணையில் போட்டால் ஆட்டம் நிற்கும்வரை அதற்கு எல்லாம் சுபமே. மூக்கு அடைபட்டுக் குழந்தை மூச்சுக்குப் போராடும்போதும் நெஞ்சு அசைந்துகொண்டுதான் இருக்கும் என்பது இன்னொரு சிக்கல்.

நான் பச்சிளங்குழந்தைப் பிரிவில் பணியாற்றிய காலத்தில், புதிதாக வரும் செவிலியருக்கு முதல் நாளே சொல்லும் பாடம் ஒன்று உண்டு: அலாரம் அடித்தால் திரையைப் பார்க்காதே, பிள்ளையைப் பார். பெரும்பாலும் ஒயர் நழுவியிருக்கும், அல்லது பாப்பா காலை உதைத்திருப்பாள். அங்கே ஒரு அலாரத்துக்கு ஓடிவரப் பயிற்சி பெற்ற நாலு பேர் இருந்தார்கள். உங்கள் வீட்டில் இரவு இரண்டு மணிக்கு அது அலறினால் யார் என்ன செய்வார்கள் என்று கணவரிடம் கேளுங்கள். குழந்தையை ஒருபோதும் பிடித்துக் குலுக்கக்கூடாது. உள்ளங்காலைச் சுண்டலாம், முதுகைத் தேய்க்கலாம். அதற்கும் மூச்சு வரவில்லை என்றால் செய்யவேண்டிய முதலுதவியை உங்கள் குழந்தை மருத்துவரிடம் நீங்கள் இருவரும் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். மானிட்டர் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இதைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

மகள் படுக்கும் இடத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு அங்கேதான் கவலை. தலை உருண்டையாக வரவேண்டும் என்று கடுகுத் தலையணை வைத்திருக்கிறீர்களா? எடுத்துவிடுங்கள். கழுத்தில் கறுப்புக் கயிறு இருந்தால் இடுப்புக்கோ காலுக்கோ மாற்றுங்கள், திருஷ்டி அங்கிருந்தும் கழியும். தலைக்குக் குளிப்பாட்டிவிட்டு மூக்கில் எண்ணெய் விடுவதும், மூடிய அறையில் சாம்பிராணிப் புகை போடுவதும் அந்தச் சின்ன நுரையீரலுக்குக் கெடுதல். ஏணை விஷயத்தில் மாமியாரோடு சண்டை வேண்டாம். நானும் ஏணையில் வளர்ந்தவள்தான். ஆனால் துணி குழிந்து தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழாய் மடங்கும். பகலில் கண்ணெதிரே ஆட்டித் தூங்கவைத்துவிட்டு, தூங்கியதும் தட்டையான, அமுங்காத விரிப்பில் மல்லாத்திப் போடுங்கள். இரவில் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில், ஆனால் தனி விரிப்பில். அந்த அறையில் யாரும் பீடி, சிகரெட் பிடிக்கக்கூடாது.

மூச்சை எண்ணத்தான் வேண்டும் என்றால் முறையாக எண்ணுங்கள். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, துணியை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் கடிகாரம் பார்த்து எண்ண வேண்டும். முப்பது முதல் அறுபதுக்குள் இருக்கும். அறுபதோ அதற்கு மேலோ வந்தால் மறுபடி ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டாம் முறையும் அப்படியே இருந்தாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, முனகல் கேட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ சுட்டாலோ அன்றே மருத்துவமனை. நம் ஊரில் இந்த வயதுக் குழந்தைகளை அதிகம் வாட்டுவது கிருமித் தொற்றும் குறைமாதப் பிறப்பும்தான். தொற்று பெரும்பாலும் இந்த அறிகுறிகளோடுதான் வரும். அதைப் பார்க்க உங்கள் கண் போதும்.

குறைமாதத்தில் பிறந்து, ஆக்சிஜனோடோ மானிட்டரோடோ மருத்துவர் வீட்டுக்கு அனுப்பிய குழந்தைகளின் பெற்றோர் இதைப் படித்தால், நான் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. மருத்துவரைக் கேட்காமல் எதையும் கழற்றாதீர்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி. பத்தொன்பது நாளில் எத்தனை இரவு தூங்கினீர்கள்? உற்றுப் பார்க்காதே என்று மாமியார் சொல்வதில், கண்ணேறை விட்டுவிட்டால், மிச்சமிருப்பது நல்ல யோசனை. இன்றிரவு பத்து மணிக்குப் பால் கொடுத்ததும் மகளை அவரிடமோ கணவரிடமோ ஒப்படைத்துவிட்டு, அடுத்த பாலுக்கு எழுப்பும்வரை பக்கத்து அறையில் படுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை தூங்கும்போதும், வேறொருவர் காவலிருக்கும்போதும் உங்களால் கண்ணை மூட முடியவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றால் அது பிரசவத்துக்குப் பிறகு பல தாய்மாருக்கு வரும் பதற்றம். சிகிச்சை இருக்கிறது. உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். காலுறை மாட்டுவது குழந்தைக்கு. இந்தப் படபடப்பை அது குறைக்காது, பொய் அலாரம் அடித்தால் கூட்டத்தான் செய்யும்.

அடுத்த முறை அந்த நிறுத்தம் வரும்போது கைபேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்துவையுங்கள், முகமும் வயிறும் நன்றாகத் தெரியும்படி. தடுப்பூசிக்குப் போகும்வரை காத்திராமல் இந்த வாரமே மருத்துவரிடம் அதைக் காட்டிவிடுங்கள். கணவரையும் உடன் அழைத்துப் போங்கள்.